பிடிபட்ட பிள்ளையின் வயதைக் கூட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. மெஜஸ்டிக் பக்கம் ஒரு பெரிய துணிக்கடை. ஒக்கலிபுரத்துப் பையன் ஒருவன், வயது பதினாறு, ஒரு சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வெளியே வரும்போது காவலாளி கையைப் பிடித்துவிடுகிறான். அப்புறம் நடப்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். முதலில் அடி, பிறகு அப்பனுக்கு ஆள் விடுவார்கள். அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். கன்னடத்தில் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேளாமலே கையெழுத்துப் போடுவார்.

திருடியது தப்புத்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அடிக்கும் உரிமையைக் கடைக்காரருக்கு எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

நாம் செய்யும் தவறும் ஒன்று உண்டு. வேலை கிடைக்க வேண்டுமே என்று பதினாறை ஏற்கெனவே பத்தொன்பது என்று சொல்லி வைத்திருப்போம். போலீஸ் ஸ்டேஷனிலும் பயத்தில் அதையே சொல்லிவிடுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது!

1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையன்களுக்கு வரம்பு 16 வயது. 2000இல் அது 18 ஆயிற்று. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் 18தான். அந்த வயது நிரம்பாதவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் கொண்டது அந்தக் குழுமம். ஜாமீன்தாரர் இல்லாமலும் அது ஜாமீன் தரலாம். முடிவில் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். மிஞ்சிப்போனால் மூன்றாண்டுக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். பையனின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போட்டால் போட்டவருக்குத்தான் தண்டனை.

எந்தப் பிரிவு போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303ஆம் பிரிவு. உச்சத் தண்டனை மூன்றாண்டு. பொருளை வைத்துக் காக்கும் கட்டடத்தில் திருடினால் 305. வேலை செய்யும் இடத்தில் முதலாளியின் பொருளை எடுத்தால் 306. இவற்றில் ஏழாண்டு வரை போகும். முந்தையது சிறு குற்றம். விசாரணை நான்கு மாதத்திலும், நீட்டித்த இரண்டு மாதத்திலும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். பின்னவை சிறு குற்றம் அல்ல, அந்தச் சலுகை கிடையாது. ஒரே சட்டைதான், எண் மாறினால் கதை மாறும்!

பதினெட்டைத் தாண்டியவனுக்கும் 303இல் ஒரு வழி உண்டு. முதல் தடவையாக இருந்து, பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஜெயில் இல்லை. சமூக சேவைதான் தண்டனை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். சிறுவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சித்தையா சாலை 'நியாய தேகுலா' கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பையனின் பள்ளிப் பிறந்த தேதிச் சான்றிதழையோ எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையோ கையில் கொண்டு போங்கள். ஆம்பூரிலோ தர்மபுரியிலோ படித்தவன் என்றால், அதை இன்றே எழுதி வரவழைத்து வையுங்கள்.