பழவேற்காட்டில் பார்க்க வேண்டியது

சென்னைவாசிகளுக்கு விடுமுறை என்றால் மாமல்லபுரம். அது அலுத்துவிட்டால் புதுச்சேரி. வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் பழவேற்காடு என்று ஓர் ஊர் இருப்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏற வேண்டும். ஓட்டல் வசதி போதாது. கட்டுச்சோறு எடுத்துப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல!

உப்பு நீரும் நல்ல நீரும் கலந்த ஏரிகளில், நம் நாட்டில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. மழைக்காலம் கழிந்ததும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை மண்மேடாகி விட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் சேதமின்றி நிற்கின்றன. வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்பொருள் இலாகா காவல் காக்கிறது. இதே துறைமுகத்திலிருந்துதான் துணி மூட்டைகளோடு நம் ஜனங்களும் அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சிற்ப வேலையை மெச்சுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

நாம் சொல்ல வந்த விஷயம் வேறு. அதிகாலையில் ஏரிக்கரைக்குப் போனால், இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவும் இருளர் பெண்களைக் காணலாம். வலை கிடையாது, படகு கிடையாது. ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் இறாலைத் தேடிப் பிடித்து அதில் போடுகிறார்கள். சேற்றில் முள்ளும் கிளிஞ்சலும் கையைக் கிழிக்கும். எந்தச் சேற்றில் எந்தப் பருவத்தில் இறால் தங்கும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும்.

இந்த ஏரியில் மீனவர்களுக்குப் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு உண்டு. வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு. சட்டசபையில் நிறைவேறாத சட்டம், ஆனால் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த முறையில் இருளருக்குப் பங்கில்லை. கரையோரச் சேறுதான் அவர்கள் பங்கு. அதுவும் யாராவது விரட்டாத வரையில்!

இந்தச் சேற்றுக்கும் இப்போது ஆபத்து. இறால் கடலில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் வரத்து நின்றுபோகிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. பிறகு காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. கரையின் போக்கே மாறிவிட்டது என்று மீனவர்கள் முறையிடுகிறார்கள். படகும் வலையும் உள்ளவர்கள் கடலுக்குப் போகலாம். கையையே நம்பியவர்கள் எங்கே போவது? முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதும், கைப்பிடி இறாலுக்கென்று கரையோர நீரை எல்லை குறித்து இருளருக்கு உறுதி செய்வதும் சர்க்காரின் கடமை. மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அவர்களைப் பட்டியலில் சேர்த்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. எல்லை குறிக்கும்போது மீனவர் பஞ்சாயத்தையும் கூட வைத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஏழைக்கும் ஏழைக்கும் சண்டைதான் மிஞ்சும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 25-ல் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். ஆகவே படகுக்கு ஆசைப்படாதீர்கள். விடிவதற்குள் போய்விடுங்கள். பறியோடு கரையேறும் பெண்களிடம் இறால் வாங்கினால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.