பீஸ் கட்டையைத் திட்டாதீர்கள்!

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மாமனார் காலத்தில் கட்டிய வீடு எங்களுடையது. போன மாதம் வாட்டர் ஹீட்டரும் இண்டக்ஷன் அடுப்பும் வாங்கினோம். அன்றிலிருந்து தினமும் காலையில் பீஸ் போய்விடுகிறது. ‘கொஞ்சம் தடிமனான கம்பியாகச் சுற்றிவிட்டால் சரியாயிடும்’ என்கிறார் வீட்டுக்காரர். கைக்குழந்தை இருக்கிற வீடு. சுற்றலாமா?”

கூடவே கூடாது, சகோதரி! பீஸ் கம்பி உங்கள் வீட்டுக் காவல்காரன். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், சுவருக்குள் இருக்கும் ஒயர் கொதிப்பதற்கு முன் தான் உருகி வீட்டைக் காப்பாற்றுகிறது. தடிமனான கம்பியைச் சுற்றினால் அது உருகாது. சுவருக்குள் ஒயரின் மேலுறைதான் உருகும். ஒயரில் ஓடும் மின்சாரம் இரண்டு பங்கானால், சூடு நான்கு பங்காகும். நெருப்புக்கு அது போதாதா?

அந்தக் காலத்து வீட்டில் நாலு குண்டு பல்பு, ஒரு பேன், ஒரு ரேடியோ. அதற்குத் தகுந்த ஒயர் போட்டார்கள். பிறகு டி.வி. வந்தது. 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பிரிட்ஜும் வந்தது. சாமான் கூடிக்கொண்டே போக, ஒயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு சாமானின் முதுகிலும் வாட்ஸ் அச்சிட்டிருக்கும். சுமாராக இப்படி வரும்: ஹீட்டர் 2,000, இண்டக்ஷன் அடுப்பு 2,000, இஸ்திரிப்பெட்டி 1,000, மிக்ஸி 750, ஒரு எச்.பி. போர் மோட்டார் 746, பிரிட்ஜ் 200, மூன்று பேன் 225. இதுவே ஏழாயிரத்தை நெருங்கிவிட்டது! காலை ஆறரை மணிக்கு ஹீட்டர், அடுப்பு, மிக்ஸி மூன்றும் சேர்ந்து ஓடினால் 4,750 வாட்ஸ். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியருக்கு மேல். பழைய 15 ஆம்பியர் பீஸ் எப்படித் தாங்கும்?

இதற்கு ஒரே வழி லோடைக் கூட்டி வாங்குவதுதான். தமிழ்நாட்டில் வீட்டின் மொத்த லோடு 4,000 வாட்ஸ் வரை சிங்கிள் பேஸ். அதற்கு மேல் போனால் த்ரீ பேஸ். உங்கள் ஊர் பிரிவு அலுவலகத்திலோ, இணையத்திலோ மனுக் கொடுக்கலாம். (2024-ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறினாலும் நமக்கு அது ஈ.பி.தான்!) கட்டணமும் கூடுதல் டெபாசிட்டும் கட்ட வேண்டியிருக்கும். “லோடு கூட்டினால் பில்லும் ஏறுமோ?” என்று பயப்பட வேண்டாம். வீடுகளுக்கான நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டது. எரித்த யூனிட்டுக்குத்தான் பணம்.

ஆனால் வெளியே லோடைக் கூட்டிவிட்டு, உள்ளே பழைய ஒயரையே விட்டு வைத்தால் பயனில்லை. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்:

• விளக்கு, பேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4. ஹீட்டருக்கும் அடுப்புக்கும் தனித்தனி லைன், தனித்தனி டிரிப் சுவிட்ச்.

• 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பீஸ் ஒயரைக் காக்கும். ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பது இதுதான். குழந்தை இருக்கிற வீட்டில் இல்லாமல் இருக்கக் கூடாது.

• எர்த். நம் தர்மபுரிச் சீமை வறண்ட பூமி. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

• த்ரீ பேஸ் வந்தபின் கனமான சாமான்களை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றிலேயே மாட்டினால் பழைய கதைதான்.

வயர்மேன் வரும்போது வீட்டுக்காரரிடம் மட்டும் பேசிவிட்டுப் போக விடாதீர்கள். எந்த வேளையில் எதெது ஓடுகிறது என்று தெரிந்தவர் நீங்கள்தான். அந்தக் கணக்குக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள்.

வேலை முடியும் வரை ஹீட்டரை முதலில் போட்டு அணைத்துவிட்டு, அப்புறம் அடுப்பைப் போடுங்கள். பிளக் கை சுடுகிறதா, சுவிட்ச் பழுப்பேறியிருக்கிறதா, தீய்ந்த வாடை வருகிறதா? உடனே மெயினை அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள். ஈர்க்கையோடு தொட வேண்டாம்.

இதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். புது சாமான் வாங்கக் காசு சேர்க்கும்போதே ஒயருக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சுவருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.