தலைவலி வேஷம் அல்ல!

"விளக்கை அணையுங்கள்! டி.வி.யை நிறுத்துங்கள்!"

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பெண் இருட்டு அறையில் படுத்துக்கொள்கிறாள். தலையின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பது போல இடிக்கிறது. குமட்டுகிறது. வாந்தி வருகிறது.

வீட்டார் என்ன சொல்கிறார்கள்?

"வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறாள்" என்கிறார்கள்!

இது பெரிய அநியாயம். ஒற்றைத் தலைவலி வேஷம் அல்ல, நோய். அதற்கு இரத்தமே சாட்சி!

நரம்பின் வேலை

கன்னத்தைத் தொட்டால் தெரிகிறதல்லவா? அந்த உணர்ச்சியைத் தரும் நரம்பின் கிளைகள், மூளையை மூடியிருக்கும் உறைக்கும் போகின்றன.

ஒற்றைத் தலைவலி வரும்போது அந்த நரம்பின் முனைகள் ஓர் இரசாயனப் பொருளைக் கக்குகின்றன. அதன் பெயர் சி.ஜி.ஆர்.பி. அது இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, வலியையும் தூண்டிவிடுகிறது. மருந்து சாப்பிடாவிட்டால் இந்த வலி 4 மணி நேரம் முதல் 3 நாள் வரை நீடிக்கும்!

இரத்தம் சொன்ன சாட்சி

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் கோட்ஸ்பியும், சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் எட்வின்சனும் இதை ஆராய்ந்தார்கள். தலைவலியால் துடித்தவர்களின் கழுத்து இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அதில் சி.ஜி.ஆர்.பி. கூடியிருந்தது! கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அப்படிக் கூடவில்லை. 1990-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

வேஷம் போடுகிறவர் நினைத்தால் இரத்தத்தில் இரசாயனம் ஊறுமா?

இந்தப் பொருளின் வேலையைத் தடுக்கும் ஊசி மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த நோயை ஆராய்ந்ததற்காக, 2021-ல் அந்த இருவர் உள்பட 4 பேருக்கு டென்மார்க்கின் மூளை ஆராய்ச்சிப் பரிசு கிடைத்தது.

வீட்டார் கடமை

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களைச் சுமார் 3 மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. ஏச்சும் அவர்களுக்கே!

ஏச்சுக்குப் பயந்து பலர் மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போகிறார்கள். இது ஆபத்து. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் சாதாரண வலி மாத்திரை தின்றால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும்! அடிக்கடி வலி வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போவதே சரி.

காலில் கட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் இரக்கம் வருகிறது. தலைவலிக்குக் கட்டு இல்லை. அதனால் வலி இல்லை என்று ஆகிவிடுமா?

அவளைத் திட்டாதீர்கள். விளக்கை அணையுங்கள். அன்றைக்கு ஒருநாள் அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள்!