ரயிலடியும் ஏரிக்கரையும்

ஒரு நகரத்தின் வயதைச் சர்க்கார் உத்தரவைக் கொண்டு கணக்கிடுவதானால், தாம்பரம் மாநகராட்சி 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உதயமானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் ஒன்றுகூடி 70 வார்டுகளாக அமைந்தன. ஆனால் அந்த எல்லைக்குள் அடங்கிய பல்லாவரத்தில்தான், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, சரளைக் குழியொன்றில் கண்டெடுத்த கற்கோடரியைக் கொண்டு, பழைய கற்கால மனிதன் இந்நாட்டில் வாழ்ந்திருந்தான் என்பதை உலகறிய நிரூபித்தார். அதே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையில் அவனுடைய விருதுப் பெயர்கள் இன்றும் கல்லிலே நிற்கின்றன. திருநீர்மலை பூதத்தாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் மங்களாசாசனம் செய்யப்பெற்ற ஸ்தலம். மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானம் சோழர் காலத்துச் சிற்பிகளின் கைத்திறனுக்குச் சாட்சி. ஆகவே, ரயில் வந்த பிறகு வெற்று நிலத்தில் முளைத்த குடியிருப்பு இது என்று நினைப்பவர்கள், தாங்கள் குடியிருக்கும் மண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே நினைக்கிறார்கள்.

இருப்பினும், இன்றைய தாம்பரத்தின் அன்றாட வாழ்வை வகுத்தது ரயில்தான் என்பதில் சந்தேகமில்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1931ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி முதல், சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், குறுகிய மீட்டர்கேஜ் பாதையில் மின்சார வண்டிகளைப் பொதுமக்களுக்காக ஓடவிட்டார்கள். கோட்டையிலும் பாரிமுனையிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வாடகை குறைந்த, காற்றோட்டமுள்ள ஊரில் குடும்பத்தை வைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையைச் சாதாரண குமாஸ்தாவுக்கு முதன்முதலில் அளித்தது அந்த வண்டியே. அதனால் மாம்பலம் வளர்ந்தது, குரோம்பேட்டை வளர்ந்தது, இறுதியில் தாம்பரமும் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மீட்டர்கேஜ் மின்வண்டிகள் விடைபெற்று அகலப்பாதை வண்டிகள் முழுவதுமாக வந்துவிட்ட போதிலும், விடியற்காலையில் சீசன் டிக்கெட்டோடு ஓடும் ஜனங்களின் அவசரம் மாறவில்லை.

ஆனால் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊருக்குப் பெருமை தேடித் தந்த ஸ்தாபனங்களை உண்டாக்கியவர்கள், பட்டணத்துக்குப் போய்வர வசதியான இடம் என்று கருதி இங்கே வந்தவர்கள் அல்லர். இங்கேயே இருந்து காரியம் செய்ய வேண்டும் என்று வந்தவர்கள். மின்சார வண்டி ஓடத் தொடங்குவதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, 1928இல், டாக்டர் சௌரி முத்து அவர்கள் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளோடு க்ஷயரோக சானடோரியத்தை ஆரம்பித்தார். அவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் நடத்திவந்த சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிலகாலம் சிகிச்சை பெற்றார் என்பதை அறியும்போது, தாம்பரத்துக் காற்றை நம்பி வந்த அந்த வைத்தியர்மீது நமக்கு மதிப்பு இன்னும் உயர்கிறது. சுத்தமான காற்றையும் சூரிய ஒளியையும் தவிர அந்த நோய்க்கு வேறு நல்ல மருந்து கிடைத்திராத காலம் அது. இந்த ஊர் தன் காற்றையே மருந்தாகக் கொடுத்தது. 1937இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனை இன்றும் நெஞ்சக நோயாளிகளைத் தாங்கி நிற்கிறது; ரயில் நிலையமொன்றும் அதன் பெயரைச் சுமக்கிறது.

அதே 1937இல், பட்டணத்தில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நெரிசலில் நின்றிருந்த சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி, சேலையூர்ப் பக்கத்துக் காட்டுநிலத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே ரசாயன ஆசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ், தம் பாடத்தோடு நின்றுவிடாமல், வறண்ட புதர்க்காட்டில் மரம் நட்டு வளர்ப்பதைத் தம் கடமையாகவே மேற்கொண்டார். அவர் நட்ட மரங்களின் நிழலில் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கிறார்கள். ஓர் ஊரில் தங்குகிறவன் எப்படித் தங்க வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களின் நிலை வேறு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை நிலையங்களின் பெயரை வரிசை தப்பாமல் ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, நம் தெருவில் விழும் மழைநீர் எந்தக் கால்வாயில் போய் எந்த ஏரியில் சேருகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. காலையில் இருட்டோடு புறப்பட்டு, இரவு விளக்கு வைத்து நெடுநேரத்துக்குப் பின் வீடு திரும்புகிறவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. உழைப்பவரின் பொழுதெல்லாம் பட்டணத்துக்கே போய்விடுகிறது. ஆயினும், அந்த அறியாமைக்கு ஊர் கொடுக்கும் விலை சிறியதன்று.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. சேலையூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே ராஜகீழ்ப்பாக்கத்துக்கும், அங்கிருந்து செம்பாக்கத்துக்கும், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போய்ச் சேரும். மேற்கே, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர் கூடி அடையாறாகப் பெருகி, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கத்து உபரியோடு கலக்கும். வயல்கள் இருந்த நாளில், மதகைத் திறக்கவும், வரத்துக்கால்வாயைத் தூர் வாரவும், கரையைப் பலப்படுத்தவும் குடிமராமத்து என்ற கூட்டுப் பொறுப்பு இருந்தது. வயல்கள் மனைகளானதும், ஏரிநீர் பாயும் நிலமான ஆயக்கட்டு மறைந்தது. ஆயக்கட்டு மறைந்ததும் ஏரியைத் தன்னுடையது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஆளில்லாத நீர்நிலையில் கழிவுநீர் புகுந்தது, ஆக்கிரமிப்பும் புகுந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிமீது ஏறி நின்ற குடும்பங்கள், தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்பதைக் கண்ணாரக் கண்டன.

இங்கேதான் 2021ஆம் ஆண்டு உத்தரவின் உண்மையான பிரயோஜனத்தை நான் காண்கிறேன். அதுவரை ஓர் ஏரியின் கலங்கல் ஒரு நகராட்சியிலும், அந்த நீர் போய்ச் சேரும் ஏரி வேறொரு நிர்வாகத்திலும் இருந்தன. மேலேயுள்ளவர் கால்வாயை அடைத்தால் கீழேயுள்ளவர் மனுக் கொடுக்க வேண்டிய அலுவலகமே வேறாக இருந்தது. இன்று அந்தச் சங்கிலியின் பெரும்பகுதி ஒரே மன்றத்தின் பொறுப்பில் வந்துவிட்டது. ரயில் நம்மைப் பட்டணத்தோடு இணைத்தது. நம்மை நம் அண்டை அயலாரோடு இணைப்பது இந்த நீர்வழிதான். மாநகராட்சியின் எல்லைக்கு நியாயம் கற்பிப்பது ஜனத்தொகைக் கணக்கைக் காட்டிலும் இதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது நடவாத காரியமும் அன்று. 2019ஆம் ஆண்டின் கொடிய வறட்சியில், சிட்லபாக்கத்துவாசிகள் தாங்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கித் தூர் வாரினார்கள். பல ஆண்டுகளாக அவர்கள் எழுப்பிவந்த குரலுக்குச் செவிசாய்த்து அரசும் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவர்களும் நம்மைப் போலவே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடுகிறவர்கள்தாம்; ஓய்வு நாளில் சில மணி நேரத்தை ஊருக்கென்று எடுத்துவைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2022இல் தேர்தல் நடந்து மேயரும் கவுன்சிலர்களும் வந்தார்கள். வார்டுதோறும் ஜனங்கள் கூடிப் பேசுவதற்குப் பகுதி சபைகளும் சட்டத்தில் இடம் பெற்றுள்ளன. இச்சபைகளை அலுவலக நாட்களில் பகலில் கூட்டினால், இந்த ஊரின் பாதி ஜனங்கள் ரயிலில்தான் இருப்பார்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்ட வேண்டும். கூட்டத்தின் தேதியையும், ஏரிகளின் நீர்மட்டத்தையும், கால்வாய் வேலைகளின் நிலையையும், மாலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் ரயில் நிலையங்களிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். சேலையூரிலிருந்து மாநகராட்சியின் கீழ் எல்லை வரை நீர்வழியை அளந்து, இரு கரையிலும் எல்லைக்கல் நட வேண்டும் என்பதே ஒவ்வொரு சபையும் நிறைவேற்றும் முதல் தீர்மானமாக இருக்கட்டும். அதற்குக் கை உயர்த்த வேண்டியவர்கள், வார நாட்களில் அதிகாலை வண்டியைப் பிடிக்க ஓடுகிற நாமேதான்.