மாற்றாமல் விட்ட ஒரு சொல்

ட்ரேசி சாப்மன் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' 1988-இல் வெளிவந்தது. 35 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர் லூக் கோம்ஸ் அதை மீண்டும் பதிவுசெய்தார். எந்தப் பதிவு சிறந்தது, யார் பாடலை யார் எடுத்துக்கொண்டார் என்னும் இரு கேள்விகளைச் சுற்றியே விவாதம் நடந்தது. மொழியியல் நோக்கில் கவனத்துக்குரியது வேறொன்று: கோம்ஸ் மாற்றாமல் விட்ட ஒரு சொல்.

பாடலில் பேசுபவர் வறுமையில் வளர்ந்த இளம்பெண். தாய் வீட்டைவிட்டுச் சென்றதால், குடிநோயாளியான தந்தையைக் கவனிக்கப் படிப்பை நிறுத்தியவர். வேகமான கார் வைத்திருக்கும் துணையோடு ஊரைவிட்டு வெளியேறி, கடையில் வேலைபார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறார். ஆனால் துணையும் நாளடைவில் தந்தையைப் போலவே குடியில் பொழுதைக் கழிக்கிறார்.

ஆங்கிலத்தின் தன்மை இடப்பெயர் பால் காட்டாது. தமிழில் 'நான் போனேன்' என்பதும் காட்டாது. இந்தியில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். எனவே பேசுபவர் பெண் என்பதைப் பாடல் முழுவதிலும் ஒரே ஒரு சொல்தான் உணர்த்துகிறது. கடையில் பணம் வாங்கிப்போடும் இடத்தில் நிற்கும் 'பெண்' என்று அவர் தம் வேலையைக் குறிப்பிடும் சொல் அது. கோம்ஸ் அதை அப்படியே பாடினார்.

பாடுபவரின் பாலுக்கேற்பச் சொற்களை மாற்றிக்கொள்வது கண்ட்ரி இசையில் பழைய வழக்கம். கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனும் ஃபிரெட் ஃபாஸ்டரும் உருவாக்கிய 'மீ அண்ட் பாபி மெக்கீ' பாடலை 1969-இல் ரோஜர் மில்லர் முதலில் பதிவுசெய்தபோது பாபி ஒரு பெண். 1970-இல் ஜானிஸ் ஜாப்ளின் பாடியபோது பாபி ஆணானார். அவர் இறந்தபின் 1971-இல் வெளிவந்த அப்பதிவு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. அந்த மாற்றத்தால் பாடலின் கதைக்குக் குறையொன்றும் நேரவில்லை. எனினும், பாடுபவரே பாடலில் பேசுபவர் என்னும் எண்ணமே அவ்வழக்கத்தின் அடிப்படை.

தமிழ் அகமரபு இவ்விருவரையும் பிரித்தே பார்த்தது. கபிலர் தலைவி கூற்றாகப் பாடினால் பேசுபவள் தலைவி, பாடியவர் கபிலர். இதில் எவருக்கும் குழப்பமில்லை. கோம்ஸின் பதிவும் ஒரு கூற்றாகவே நிற்கிறது. 'ஃபாஸ்ட் கார்' பாடலில் அச்சொல்லை மாற்றியிருந்தால் பால் மட்டும் மாறியிருக்காது. தந்தையைக் கவனிக்கும் பொறுப்பு மகள்மேல் விழுந்து அவள் படிப்பு நின்றுபோகும் கதையே மாறியிருக்கும்.

ஆயினும் கோம்ஸைப் பாராட்டுவதோடு இச்செய்தி முடிந்துவிடாது. 1988-இல் சாப்மனின் பதிவு பில்போர்டின் பொது வரிசையில் 6-ஆம் இடம் பெற்றது. கோம்ஸின் பதிவு அதே வரிசையில் 2-ஆம் இடத்தையும், கண்ட்ரி வானொலி வரிசையில் முதலிடத்தையும் பெற்றது. அதன்பிறகே, 2023 நவம்பரில், கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டுச் சிறந்த பாடலுக்கான விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். ஏழை உழைப்பாளிகளின் கதைகளைத் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இசைத்துறை, இந்தக் கதையைத் தன்னுடையதாக ஏற்க 35 ஆண்டுகளும் வெள்ளையின ஆண் ஒருவரின் குரலும் தேவைப்பட்டன. கோம்ஸின் நேர்மையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் இணைந்து பாடினர். அப்போதும் பாடலின் பேசுநர் அதே இளம்பெண்தான். மறுபதிவுகளை ஆராய்வோர் பொதுவாக மாற்றங்களையே பட்டியலிடுகின்றனர். மாற்ற வாய்ப்பிருந்தும் மாற்றாமல் விடப்பட்டவற்றையும் தரவாகக் கொண்டால்தான், ஒரு பாடல் கைமாறும்போது யாருடைய அனுபவம் காக்கப்படுகிறது, யாருடையது அழிக்கப்படுகிறது என்பது விளங்கும்.