மீட்டர் யார் பேரில் ஓடுகிறது?

மாதம் பிறந்தால் உழைப்பாளி வீட்டில் மூன்று கணக்கு: வாடகை, அரிசி, கரண்டு. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம். அரிசியில் ஒரு ரகம் கீழே இறங்கி வாங்கலாம். கரண்டில் மட்டும் நமக்கு வாயே இல்லை. வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதி நீட்டுகிறார். நாம் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். எத்தனை யூனிட் ஓடியது, ஒரு யூனிட் என்ன விலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எதுவும் அதில் இராது.

தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நாளில் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் தோல் பட்டறையில் வேலை. இவர் இட்லிக் கடைக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறார். குடியிருப்பது ஏணி வைத்து ஏறும் மாடி அறை. கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒன்பது ஆண்டுத் துண்டுச் சீட்டுகள்.

“அய்யா, ஒரு மாசங்கூட பாக்கி வைக்கல. ஆனா நான் இங்கதான் இருந்தேன்னு காட்ட ஒரு காகிதம் இல்லங்கிறாங்க. ஆதாரு ஊர் விலாசத்துல இருக்கு. ரேசன் கார்டும் ஊர்ல. இந்தச் சீட்டெல்லாம் செல்லாதாமே?”

செல்லாது. அந்தச் சீட்டுகளில் யார் பேரும் இல்லை. மீட்டர் வீட்டுக்காரர் பேரில் ஓடுகிறது. ஒன்பது ஆண்டு பணம் கட்டியவர் இவர். ஒன்பது ஆண்டு பில் வாங்கியவர் அவர். அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த அறையில் எரிந்த விளக்கு தெரிகிறது. விளக்கடியில் உட்கார்ந்து மாவு அரைத்த பெண் தெரியவில்லை.

தோழர்களே, கரண்டு பில்லை நாம் இதுவரை செலவுக் கணக்காக மட்டுமே பார்த்தோம். அது சாட்சிக் கணக்கு என்பதை இனியாவது உணர வேண்டும்.

தாராவித் திட்டத்தின் விதிகளைப் பாருங்கள். 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, விலையில்லாமல். அதற்குப் பின் 2011 சனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் விலையில். மாடியில் இருப்பவர் 2022 நவம்பர் 15க்கு முன் வந்தவராக இருந்தால், வெளியே, வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். இந்தப் பாகுபாடு நியாயமா என்பது தனி விவாதம். அதை நாம் தொடர்ந்து பேசி வருகிறோம். ஆனால் எந்தப் படியில் நின்றாலும் கேள்வி ஒன்றே: “அந்தத் தேதிக்கு முன் இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?” அதற்குக் காட்டக்கூடிய காகிதங்களில் ஒன்று கரண்டு பில்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. 1981இல் பம்பாயின் நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே ஏற்றி அனுப்பப் போவதாக அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் ஒருவர், சேலத்தில் நிலமின்றி, பஞ்சத்தால் வேலையுமின்றி, 1961இல் இங்கே வந்த நம் கூலித் தொழிலாளி. பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்கு அவரிடம் பேட்டை தாதா ஒருவன் 2,500 ரூபாய் பறித்தான் என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பேர் பெற்ற அந்த வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாற்று இடம் யாருக்கு என்று வந்தபோது, 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு என்றது. பதிவில் இருந்தவனுக்கு ஒரு வழி, இல்லாதவனுக்கு நோட்டீஸ். அன்றைக்கு அட்டை, இன்றைக்கு பில்.

சரி, சாட்சிதான் இல்லை, பணமாவது மிச்சமா? அதுவும் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மராட்டியத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 100 யூனிட் வரை ஒரு விலை. 101 முதல் 300 வரை அதைவிடக் கூடுதலான விலை. 301 முதல் 500 வரை இன்னும் மேலே. ஏழை கொஞ்சமாக எரிப்பான், அவனுக்குக் குறைந்த விலை இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். இப்போது ஒரே மீட்டரில் நான்கு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் 90 யூனிட் எரிக்கிறது. தனித்தனி மீட்டர் இருந்தால் நான்கு குடும்பத்தின் 360 யூனிட்டும் முதல் படியின் விலையிலேயே முடிந்துவிடும். ஒரே மீட்டராக இருப்பதால் முதல் 100 யூனிட்டுக்கு மட்டுமே அந்த விலை. அடுத்த 200 இரண்டாம் படியில். மீதி 60 மூன்றாம் படியில். ஆளுக்கு 25 யூனிட்டுக்குத்தான் ஏழையின் விலை கிடைக்கிறது. மிச்சத்துக்கு, குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்காரன் கட்டும் விலையை விசிறிக்கும் டியூப் லைட்டுக்கும் நாம் கட்டுகிறோம். அதன் மேல் வீட்டுக்காரர் தன் லாபத்தையும் ஏற்றிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ஊரில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கே நம் வீட்டில் பூட்டு தொங்குகிறது. இலவச மின்சாரம் பூட்டிய வீட்டின் மீட்டருக்கு. விலை ஏறிய மின்சாரம் குடியிருக்கும் அறைக்கு. புலம் பெயர்ந்தவன் இரண்டு ஊரிலும் கணக்கில் வராதவன் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

இனிப் பேசக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருவோம். கொக்கி.

நம் பகுதிகளில் திருட்டு ஒயர் இல்லை என்று நாம் சொன்னால் நம் பிள்ளைகளே சிரிப்பார்கள். இருக்கிறது. ஆனால் அது இலவசம் என்று நினைப்பவர்கள் நம் பகுதிக்குள் வந்து பார்க்காதவர்கள். ஒரு விளக்குக்கு இவ்வளவு, விசிறிக்கு இவ்வளவு, டி.வி.க்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிக்கும் ஆள் ஒவ்வொரு சந்திலும் உண்டு. அந்தப் பணம் மின் நிறுவனத்துக்குப் போவதில்லை, அரசாங்கத்துக்கும் போவதில்லை. அன்று நம் சேலத்துக்காரரிடம் நடைபாதையை விற்ற அதே கை இன்று நமக்குக் கம்பத்து மின்சாரத்தை விற்கிறது.

சோதனைக்கு ஆள் வரும் நாளில் அந்தக் கை இருக்காது. ஒயர் நம் கூரைக்குள் இருக்கும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 135ஆவது பிரிவு, மின் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 10 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்பாக இருந்தாலும், முதல் முறை தண்டனை பெற்றால் அபராதம் திருடிய ஆதாயத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாது. மறுமுறை ஆறு மடங்குக்குக் குறையாது. சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டால், பயன்படுத்தியவர்தான் திருடினார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம். அதுவும் ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை. மாதாமாதம் வசூலித்தவனுக்கு எதிராக நம்மிடம் ரசீது உண்டா?

மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். தகரச் சுவர், ஒட்டுப்போட்ட ஒயர், எர்த் இல்லாத இணைப்பு, முழங்கால் தண்ணீர். தகரத்தில் மின்சாரம் ஏறினால் முதலில் கை வைப்பது பெரும்பாலும் குழந்தையாக இருக்கும். அப்படி ஒரு சாவுக்கு நட்டஈடு கேட்டு எந்தக் கவுண்டரில் நிற்க முடியும்?

இன்னொன்று மானக் கேடு. 1960களின் இறுதியில் இதே நகரத்தில் தென்னாட்டாரை விரட்டக் கோஷம் எழுந்தது. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றார்கள். உழைத்து அந்தப் பேச்சை அடைத்தோம். இன்று, “கரண்டைத் திருடுகிறவர்கள்” என்று சொல்ல நாமே ஏன் இடம் கொடுக்க வேண்டும்? பெரிய இடத்தில் நடந்தால் அதற்கு ‘நிலுவை’ என்று பேர், ‘தகராறில் உள்ள தொகை’ என்று பேர். நம் சந்தில் நடந்தால் மட்டும் திருட்டு. உண்மைதான். ஆனால் அவன் செய்கிறான் என்பது நமக்கு நியாயமாகாது. அவனைக் காப்பாற்ற வக்கீல் இருக்கிறான். நமக்கு நம் சங்கம் மட்டுமே இருக்கிறது.

கசப்பான உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் குறை சொல்லும் வீட்டுக்காரர் பல இடங்களில் வேற்றாள் அல்லர். நம் ஊர்க்காரர், நம் மாவட்டத்துக்காரர், சில சமயம் நம் சங்க உறுப்பினர். முப்பது ஆண்டுக்கு முன் வந்து, தானும் ஒரு மாடி அறையில் கிடந்து, பிறகு இரண்டு அறை கட்டியவர். இதை எழுதினால் சந்தா குறையும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். குறைந்தால் குறையட்டும். கூலிக்காரன் கூலிக்காரனிடம் கரண்டில் லாபம் வைப்பதைக் கண்டும் பேசாத பத்திரிகை எதற்கு?

அவர்கள் தரப்பையும் கேட்போம். “குடியிருப்பவன் பேரில் மீட்டர் கொடுத்தால் நாளை அறையே தன்னுடையது என்பான்” என்கிறார்கள். இந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டோம்; திட்டமும் கணக்கெடுப்பும் நடக்கும் நாளில் பயம் கூடத்தான் செய்யும். ஆனால் கரண்டு பில் ஒருவர் எங்கே குடியிருந்தார் என்பதைக் காட்டும். இடம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டாது. உங்கள் அறை உங்களுடையதாகவே இருக்கட்டும். அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகள் அவருடையவை. அவற்றையும் சேர்த்து உங்கள் பெட்டியில் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அதே 2003 சட்டத்தின் 43ஆவது பிரிவு, இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின் நிறுவனம் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. ‘குடியிருப்பவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2020இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள் பெருநகரங்களில் 7 நாள் கெடு வைத்தன. 2024இல் அது 3 நாளாகக் குறைக்கப்பட்டது. ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. கவுண்டரில் போய் நின்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்கிறார்கள். அங்கேதான் சட்டம் முடிந்து நம் வேலை தொடங்குகிறது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். டெல்லி அரசு 2019இல் வாடகைக்காரருக்கென்றே முன்பணம் கட்டும் மீட்டர்த் திட்டத்தை அறிவித்தது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ போதும், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் தேவையில்லை என்றது. கர்நாடகம் 2023இல் தன் இலவச மின்சாரத் திட்டத்தில் வாடகைக்காரரையும் சேர்த்தது. டெல்லியிலும் பெங்களூரிலும் முடிந்தது மும்பையில் மட்டும் ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது இவை. வாடகைக்காரர் தம் பேரில் மீட்டர் வாங்க, வீட்டுக்காரர் சம்மதம் என்ற தடையை மராட்டிய அரசு நீக்க வேண்டும். ஒரே மீட்டரில் பல குடும்பம் இருக்கும் இடங்களில், படிக் கணக்கைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துப் போட மின் ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்ய வேண்டும். இவை அரசிடம் கேட்பவை.

நமக்குள் செய்ய வேண்டியவை வேறு. வீட்டுக்காரராக இருக்கும் உறுப்பினர்கள், இந்த மாதம் முதல், மீட்டர் எண்ணும் யூனிட்டும் தேதியும் குடியிருப்பவர் பேரும் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது கொடுக்க வேண்டும். பில்லின் நகலைக் காட்ட வேண்டும். குடியிருப்பவர்கள் ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. கொக்கியில் இருப்பவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். காட்டிக் கொடுக்க மாட்டோம், திட்டவும் மாட்டோம். முறையான இணைப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குவோம். எழுத்தில் வந்த மறுப்பை வைத்து நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். வாய்மொழி மறுப்பை வைத்து எங்கும் போக முடியாது.

டப்பாவோடு வந்த தாய்க்கு அன்று எங்களால் உடனே நல்ல பதில் சொல்ல முடியவில்லை. மாவு கொடுத்த கடையின் கணக்கு நோட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று என்று தேடித் திரட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கிளம்பும்போது அந்தச் சீட்டுகளைத் திரும்ப அடுக்கி டப்பாவில் வைத்து மூடினார். “தூக்கிப் போட மனசு வரல அய்யா, இதெல்லாம் நான் கட்டின பணம்” என்றார்.

நீங்களும் வீட்டுக்குப் போய் உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் காகிதத்தில் உங்கள் பேர் இருக்கிறதா? இல்லையென்றால், ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள்.