அம்புலிப் பருவம்

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் கூறிய பாட்டியல் நூலார், காப்பு தொடங்கிச் சிறுதேர் வரையிலான பத்துப் பருவங்களை 3ஆம் திங்களிலிருந்து 21ஆம் திங்கள் முடிய நிரல்படுத்தியபோது, அம்புலிக்கென்று 15ஆம் திங்களை ஒட்டியதோர் இடத்தை ஒதுக்கினார்கள். இடுப்பிலிருக்கும் பிள்ளைக்குத் தாய் விரல் நீட்டி நிலவைக் காட்டுவதும், பிள்ளை அவ்விரலிலேயே நின்றுவிடாமல் அது சுட்டும் திசையில் கண்ணைச் செலுத்தி, நிலவைக் கண்டு, கண்டதும் தாயின் முகத்துக்குத் திரும்பி, அவளும் அதையே பார்க்கிறாள் என்று தெரிந்து மகிழ்வதும் கவிகளுக்கு ரசமான காட்சியாகத் தோன்றியது; நம் மருத்துவத் தொழிலில் உள்ளவர்களுக்கோ அது ஒரு பரீட்சை. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்பதற்கென்று பல நாடுகளில் வழங்கும், ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் வினாப்பட்டியலின் 20 வினாக்களுள் முதலாவதே, நீங்கள் சுட்டிக்காட்டும் பொருளைக் குழந்தை பார்க்கிறதா என்பதுதான்.

அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களிலிருந்து கடலூருக்கோ, சிதம்பரத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வரும் தாய்மாரிடம் இந்த வினாவை நிதானமாகக் கேட்பவர்களுக்கு, நான்கு வயதில் கொண்டுவரப்படும் குழந்தையைப் பற்றிய சந்தேகம் ஒன்றரை வயதிலேயே தாயின் நெஞ்சில் முளைத்துவிட்டது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான் சார், டிவியில விளம்பரப் பாட்டு வந்தா மட்டும் தோட்டத்துல இருந்தாலும் ஓடியாறான்" என்று அவள் சொல்லும்போது, நோயறிதலின் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது. செவிப் பரிசோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஆயினும் எங்கே மேற்கொண்டு தேட வேண்டும் என்பதை அவள் காட்டிவிட்டாள். இடைப்பட்ட காலத்தில் "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் ஆறுதல் கூறியிருப்பார். "மூணு வயசு ஆகட்டும், பாக்கலாம்" என்று வைத்தியர் அனுப்பியிருப்பார். மாமியாரின் வார்த்தை பேரன்மேல் உள்ள வாஞ்சையால் பிறந்தது; அதை நாம் குறை கூறுவதற்கில்லை. படித்தும் அனுபவித்தும் அறிந்த நாம் அதையே திருப்பிச் சொல்வதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

இந்தத் தாமதத்தோடு இன்னொரு தீங்கும் சேர்ந்துகொள்கிறது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளை வருணித்து ஆட்டிசம் என்னும் இந்நிலைக்கு உருவம் கொடுத்த பின்னர், பெற்ற தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்றொரு கொடிய வாதம் மேனாடுகளில் வேரூன்றி, 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூலால் பிரபலமும் அடைந்தது. பெர்னார்டு ரிம்லாண்ட் 1964இலேயே அதை மறுத்திருந்தார். 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து பரம்பரைக் கூறின் வலிமையைக் காட்டியபோது அவ்வாதத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. ஆனால் அது செத்துவிடவில்லை. செல்போன் கொடுத்ததால் வந்தது, வேலைக்குப் போனதால் வந்தது, பிள்ளையோடு பேசாததால் வந்தது என்று வேறு வேறு வேஷத்தில் நம் ஆலோசனை அறைக்குள்ளேயே அது நடமாடுகிறது. திரை நேரத்தைக் குறைக்கச் சொல்வது உசிதமே. அந்த உபதேசத்தைக் குற்றச்சாட்டின் தொனியில் சொல்லிவிட்டால், அந்தத் தாய் அடுத்த முறை வரமாட்டாள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதும், ஐசா எனப்படும் நம் நாட்டு அளவுகோலின் 40 கூறுகளைக் கொண்டு சான்றிதழ் வழங்கப்படுவதும் நல்ல காரியங்கள். எனினும் சான்றிதழுக்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போடுவது தலைகீழான முறை. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும் என்பது ஏற்பாடு. அங்கன்வாடிப் பணியாளரோ பிள்ளையை நாள்தோறும் காண்கிறார். மாதந்தோறும் எடை எழுதும் அவருக்கு, சுட்டிக்காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்னும் இரண்டு கேள்விகளையும் கூடவே எழுதக் கற்பித்து, ஐயமெழுந்த பிள்ளையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லுவது நம்முடைய பொறுப்பு.

சிகிச்சையைப் பற்றி. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை; ரிஸ்பெரிடோனும் அரிப்பிப்ரசோலும் கடுஞ்சினத்தையும் தன்னைத்தானே தாக்கிக்கொள்வதையும் தணிப்பதற்கே. ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் பணம் பறிப்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே தொழில்முறைத் தவறு என்று எச்சரித்துவிட்டது. நமக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே 12 அமர்வுகளில், தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படமெடுத்துத் தாய்க்கே காட்டிப் பயிற்றினார்கள். பிள்ளையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பதில் தருவதும், பிள்ளை தானாகவே தொடர்பு கொள்ள முற்படுவதும் கூடின. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரமோ கூடவில்லை, குறைந்தது. இதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குணமாகிவிடும் என்று வாக்களிப்பதும், ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரிப்பதும் ஒரே வகைப் பொய்கள்.

அந்தப் பயிற்சியின் உள்ளீடு மிக எளிமையானது. நிலவைக் காட்டியும் பாராமல் டிபன் டப்பாவின் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து மூடியைப் பிடுங்கி, முகத்தைத் திருப்பி, "அங்க பாரு" என்று அதட்டாமல், தாயும் தரையில் அமர்ந்து இன்னொரு மூடியை எடுத்துச் சுழற்றி, "சுத்துது" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். நம் வெளிநோயாளர் வரிசையில் அந்த அரை மணி நேரத்துக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் முதற் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.